ரசீது

மூன்று வருடமாக மழை இல்லை.
நாலாவது வருடத்தில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
அட்டகாமாவில் வானத்தை அண்ணாந்து பார்ப்பது
நட்சத்திரம் எண்ணுகிறவர்களின் வேலை.
எங்களுக்கு வெயில் போதும்.

செவ்வாய்க்கிழமைதோறும் நோல்பெர்த்தோ சோக்கே
கலாமா சாலையிலிருந்து லாரியைத் திருப்புவான்.
கடலில் உப்பு நீங்கி, குழாயில் மலையேறி,
கடைசி அறுபது கிலோமீட்டர்
அவனோடு குலுங்கி வரும் தண்ணீர்.
பத்தாயிரம் லிட்டர். கையெழுத்துப் போடுவது நான்.

"இதை வாங்கி என்ன செய்கிறீர்கள்?"
"உடைக்கிறோம்."
முதல் முறை சிரித்தான்.
அடுத்த முறை தொப்பியைக் கழற்றிக்கொண்டு
கொட்டகைக்குள் வந்தான்.
சிகரெட்டை வெளியே வைக்கச் சொன்னேன்.

சாய்த்து வைத்த நாலு கண்ணாடிப் பலகை.
உள்ளே நகக் கனத்தில் தண்ணீர்,
அதற்கடியில் பூசிய வெள்ளைத் தூள்:
ஸ்ட்ரான்ஷியம், டைட்டானியம்,
கள்ளத்தனமாய்க் கொஞ்சம் அலுமினியம்.
உலையில் ஒரு ராத்திரி வெந்து
ஒவ்வொரு துகளும் கனசதுரமாய் விளைந்தது.
ஒரு தலைமுடியின் அகலத்தில்
இருநூறு துகள் வரிசையில் நிற்கும்.
எண்ணியது நானில்லை, ஹிமேனா.
அவளிடம் நுண்ணோக்கி இருக்கிறது,
தூக்கம் இல்லை.

வெயில் தொட்டதும்
துகளுக்குள் ஒரு எலக்ட்ரான் எகிறும்.
அது விட்டுப்போன காலி இடமும் சும்மா கிடக்காது;
அதுவும் நகரும், அதற்கும் பசிக்கும்.
ஒன்று ஒரு முகத்தில் ஹைட்ரஜனை அவிழ்க்க,
மற்றது இன்னொரு முகத்தில் ஆக்சிஜனை.
வழியிலேயே சந்தித்துவிட்டால்
கட்டிக்கொண்டு வெறும் சூடாகிப் போகும்.
நாங்கள் சம்பளம் வாங்குவது
அந்தச் சந்திப்பைக் கெடுப்பதற்கு.

"பிரிந்தால்தான் பலனா?" என்றான்.
இக்கிகேயில் ஃப்ரேசியா என்று ஒருத்தி இருப்பதை
அன்றைக்குத்தான் சொன்னான்.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

கடுகு கடுகாய்க் குமிழி.
சாய்வில் ஏறி, மேல் விளிம்பில் கூடி,
குழாய் வாயைத் தேடிப் போகிறது.
நூறு பங்கு வெயிலில்
ஒரு பங்குகூட எங்களுக்குச் சிக்குவதில்லை.
புற ஊதா மட்டுமே இந்தத் தூளுக்குப் பிடிக்கும்,
கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையெல்லாம்
வேண்டாமென்று திருப்பிவிடும்;
அதனால்தான் இத்தனை வெள்ளை.
அடுத்த அறையில் சிவப்பு ஒன்றைப் பழக்குகிறோம்.
அது நிறைய விழுங்குகிறது,
மூன்றாம் நாள் தன்னையே தின்றுவிடுகிறது.

தூசி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும்.
பலகைகளைக் கழுவ தினம் நாற்பது லிட்டர்.
அவை உடைப்பது அரைக் கோப்பைகூட இல்லை.
இந்தக் கணக்கை அறிக்கையில்
ஏழாம் பக்கத்தில் வைத்தேன்.
ஹிமேனா முதல் பக்கத்துக்கு மாற்றினாள்.
இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மாலையில் அன்றைய வரவு:
ஆக்சிஜனை வடித்தது போக அறுபது லிட்டர் வாயு.
அடுப்பில் விட்டோம்.
நிறமே இல்லாத சுடர்;
இருக்கிறதா என்று பார்க்க
காகிதம் நீட்ட வேண்டியிருந்தது.
காப்பி நாலு பேருக்கு வந்தது, சுமாரான சூட்டில்.

பாலைவனம் சட்டென்று குளிர்ந்துவிடும்.
ஜன்னல் கண்ணாடி வியர்த்தது.
நோல்பெர்த்தோ விரலால் ஒரு கோடு இழுத்து
நுனியில் தேங்கியதை நாக்கில் வைத்தான்.
"என்னுடையதுதான்."
பாதி கெட்டிலின் ஆவி என்றாள் ஹிமேனா.
அவன் காதில் வாங்கவில்லை.
ரசீதில், என் கையெழுத்துக்குக் கீழே எழுதினான்:
திரும்பப் பெற்றது, ஒரு விரல்.

அடுத்த செவ்வாய்
லாமா மயிரில் கட்டிய துடைப்பம் ஒன்று கொண்டுவந்தான்,
தண்ணீர் இல்லாமல் தூசி தட்ட.
கண்ணாடியில் மெல்லிய கீறல் விழுகிறது.
இரண்டு பலகையை அதனால் துடைக்கிறோம்,
இரண்டைக் கழுவுகிறோம்.
எது தேறும் என்று ஜூலையில் தெரியும்.